பேட்டரி வாங்கும் முன் பச்சை வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் மழை இறங்கிவிட்டால் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பேட்டரி வியாபாரம் சூடு பிடித்துவிடும். விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) கிளம்புகிறவர் சாவியைத் திருப்பி பட்டனை அமுக்குவார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. அன்று மத்தியானமே புதுப் பேட்டரி ஏறும். இரண்டு வாரம் ஓடும், மறுபடியும் அதே ‘டிக்’. அடுத்து சிடிஐ (பிளக்குக்குப் பொறி அனுப்பும் மின்னணுப் பெட்டி), அதற்கடுத்து காயில் (பொறிக்கான வோல்ட்டை உயர்த்தும் கம்பிச் சுருள்) என்று ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு, கோளாறு ஒரு துருப்பிடித்த போல்ட்டில் இருந்தது தெரியவரும். மின் சாமானை மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்ள மாட்டார். ஊகத்தில் வாங்கிய சாமான் வீட்டு அலமாரியில்தான் கிடக்கும்.

லிந்தாங் பக்கத்திலும் லாசா பக்கத்திலும் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது. கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார் நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றுவிடும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். 20, 30 வெள்ளிக்குக் கிடைக்கும், வோல்ட்டும் ஓம்மும் ஆம்பியரும் அளக்கும் ஒரு டிஜிட்டல் மீட்டர், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஒரு ஸ்குரு டிரைவர், ஒரு துண்டு எமரித் தாள் இருந்தால் பெரும்பாலான மின் கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு எரிகிறதா, ஹார்ன் அடிக்கிறதா? இரண்டுமே இல்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச் இந்த மூன்றுக்குள்தான் விஷயம் இருக்கிறது. ஹார்ன் நன்றாக அடிக்கிறது, பட்டனுக்கு மட்டும் எஞ்சின் சுற்றவில்லை, ஆனால் காலால் உதைத்தால் கிளம்பிவிடுகிறது என்றால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள்; பிளக்கையும் சிடிஐயையும் தொடவே வேண்டாம். எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் தீப்பொறி பக்கம், அல்லது பெட்ரோல் பக்கம். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதுதான் பாதிச் செலவுக்குக் காரணம்.

ஃபியூஸ் பெரும்பாலான கப்சாய்களில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே சின்ன பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும், 10 அல்லது 15 ஆம்பியர். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். கம்பி அறாமல், கால் பகுதியில் மட்டும் கருகி மின்சாரம் போகாத ஃபியூஸ்களும் உண்டு. மீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொட்டால் உண்மை தெரியும். போன ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது நம் தோட்டங்களில் இன்னும் ஒழியாத பழக்கம். ஃபியூஸ் போனால் பெரும்பாலும் எங்கோ ஒரு வயர் மோட்டாரின் இரும்புச் சட்டத்தில் உரசுகிறது என்று அர்த்தம். வெள்ளித்தாள் வைத்தால் அடுத்து உருகப்போவது வயர் கட்டுத்தான், அதன் மேலே உட்கார்ந்திருப்பது பெட்ரோல் தொட்டி.

இனி பேட்டரி. கப்சாய் பேட்டரி 12 வோல்ட், 3.5 முதல் 5 ஆம்பியர்-மணி வரைதான். கார் பேட்டரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மோட்டாரை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சாவி போடாமல் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே தட்டுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டுப்போன பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். பட்டனை அமுக்கிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட் பக்கம் நின்றால் பேட்டரி வேலை செய்கிறது. சட்டென்று 8, 7 என்று விழுந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது. 12.5-இல் அசையாமல் நின்று ‘டிக்’ மட்டும் வருகிறதென்றால் பேட்டரி மேல் குற்றமே இல்லை, மின்சாரம் ஸ்டார்ட்டரைப் போய்ச் சேரவில்லை. புதுப் பேட்டரி வாங்கியும் அதே ‘டிக்’ வருவது இதனால்தான்.

பேட்டரியை சார்ஜ் செய்ய கார் சார்ஜரை மாட்டாதீர்கள். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர்தான் கணக்கு, பத்தில் ஒரு பங்கு. கார் சார்ஜர் ஐந்தாறு ஆம்பியர் தள்ளும். தட்டுகள் சூடேறி வளைந்துவிடும். கடையில் ஆசிட் ஊற்றித் தரும் பேட்டரி வாங்கினால் ஊற்றிய கையோடு மாட்டச் சொல்லாதீர்கள். அரை மணி நேரமாவது ஊறவிட்டு, பிறகு மெதுவாக சார்ஜ் ஏற்றி மாட்டினால்தான் அது முழுக் கொள்ளளவைத் தொடும். அவசரத்தில் மாட்டிய பேட்டரி கடைசிவரை அரை வயிற்றோடுதான் ஓடும்.

இப்போது பச்சை வயருக்கு வருகிறேன். ஹோண்டாவில் பச்சை என்றால் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து சட்டத்துக்கோ எஞ்சினுக்கோ போகும் அந்த ஒரு வயர்தான் ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை ஆம்பியரும் திரும்பி வரும் வழி. அது பூட்டியிருக்கும் போல்ட்டின் அடியில் பெயின்ட், துரு, மண், தண்ணீர் எல்லாம் சேரும். தோட்டத்தில் இன்னொன்றும் சேரும்: உரம். எம்ஓபி என்று மூட்டை மூட்டையாக வரும் பொட்டாஷ் உரம் அசலில் பொட்டாசியம் குளோரைடு, ஒரு வகை உப்பு. அந்த மூட்டையை மோட்டாரின் முன்பக்கத்தில் வைத்து ஏற்றிக்கொண்டு போனால் தூள் சிந்தி இடுக்குகளில் தங்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு செம்பையும் இரும்பையும் தின்னும். கடலோர ஊர் மோட்டாருக்கு வரும் நோய் கடலே இல்லாத சுங்கை சிப்புட்டில் வருவது இப்படித்தான்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கழற்ற வேண்டியதே இல்லை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்திலும் இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒரு வோல்ட் துருவில் கரைகிறது என்று பொருள். அதேபோல் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டுக்கு அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஓம் அளவு இங்கே உதவாது. முப்பது இழையில் இரண்டு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட ஓம் மீட்டரில் பூஜ்ஜியம்தான் காட்டும். பாரம் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் வெளியே வரும்.

கோளாறு தெரிந்ததும் எர்த் போல்ட்டைக் கழற்றி, வயர் நுனியில் இருக்கும் வளையத்தையும் சட்டத்தில் அது உட்காரும் இடத்தையும் எமரித் தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேயுங்கள். இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தடவிவிட்டுப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வரிசை மாறக் கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். தலைகீழாகச் செய்தால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

‘டிக்’ சத்தமே வராவிட்டால் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) உத்தரவு போய்ச் சேரவில்லை. பட்டன், பிரேக் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைட் ஸ்டாண்ட் சுவிட்ச் இவற்றில் எது எந்த மாடலில் குறுக்கே நிற்கிறது என்பது மாறும். ஸ்கூட்டர்களில் பிரேக் பிடிக்காமல் சுற்றவே சுற்றாது, இதை மறந்துவிட்டு லோரி பிடித்துப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. பட்டன் கூட்டைப் பிரித்தால் உள்ளே எறும்புக் கூடு இருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். துடைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும்.

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சினின் மேல் பதித்து வைத்துச் சுற்றிப் பாருங்கள். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீல நிறத்தில் ‘பட் பட்’ என்று பொறி பாய வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால் போதாது. ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய்க்குப் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பொறி இல்லாவிட்டால் உடனே சிடிஐ வாங்க ஓடாதீர்கள். முதலில் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றுங்கள், அது திருகு ஆணிபோலத்தான் வயருக்குள் ஏறியிருக்கும். வயர் நுனி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி திருகுங்கள். மழைநாளில் மட்டும் படுத்து, வெயிலில் தானாகக் கிளம்பும் மோட்டார்களில் பாதிக்குமேல் இந்த வெட்டிலேயே குணமாகிவிடும்.

அடுத்து சாவி சுவிட்ச். இங்கே பழைய மோட்டாருக்கும் புதியதற்கும் வித்தியாசம் பெரிது. கார்புரேட்டர் வைத்த பழைய கப்சாய்கள் பலவற்றில் சிடிஐக்கு மின்சாரம் மேக்னட்டிலிருந்து (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் பாகம்) நேராக வருகிறது, பேட்டரி செத்தாலும் உதைத்தால் கிளம்பும். அவற்றில் சாவியை மூடினால், ஹோண்டாவின் கறுப்பு-வெள்ளை வயர் எர்த்தோடு சேர்ந்து பொறியை நிறுத்தும். சாவி சுவிட்ச்சுக்குள் தண்ணீர் புகுந்து அந்த வயர் எப்போதும் எர்த்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் எஞ்சின் எத்தனை உதைத்தாலும் பிடிக்காது. கறுப்பு-வெள்ளை இணைப்பைக் கழற்றி விட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் சிடிஐ குற்றமற்றது, சாவி சுவிட்ச்தான் திருடன்.

பேட்டரியிலிருந்து சிடிஐக்கு மின்சாரம் எடுக்கும் மாடல்களிலும், கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ மாடல்களிலும் கதை வேறு. பேட்டரியில் 12.5 இருக்கும், சாவியைத் திருப்பி சுவிட்ச்சுக்குப் பின்னால் வரும் வயரில் அளந்தால் 11 காட்டும். இடையில் போன ஒன்றரை வோல்ட், தேய்ந்த சாவி சுவிட்ச்சிலோ அதன் கப்ளரிலோ (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) இருக்கிறது. விளக்கு எரியும், ஹார்னும் சோகமாக அடிக்கும், எஞ்சின் மட்டும் மறுக்கும். ஸ்டார்ட்டர் வேறு சுற்றும்போது மீதி வோல்ட்டும் விழுந்துவிடுகிறதே.

அளக்கும்போது நிறம் பார்த்து ஏமாறாதீர்கள். ஹோண்டாவில் சாவி போட்டதும் 12 வோல்ட் வருவது கறுப்பு வயர். யமஹாவில் கறுப்புதான் எர்த், சாவி போட்டதும் வருவது பழுப்பு. ஹோண்டா பழகிய கை யமஹாவில் கறுப்பைத் தேடிப் பிடித்து ஒரு எல்இடி விளக்கை மாட்டி, அது எரியாததற்கு விளக்கைக் குறை சொல்லும்.

முன்பக்க ஷீல்டைக் கழற்றினால் உள்ளே கப்ளர்கள் கொத்தாகத் தொங்கும். நுரை அடித்துக் கழுவும் ஸ்னோ வாஷ் கடையில் பீய்ச்சும் தண்ணீர் நேராகப் போய்ச் சேருவது இங்கேதான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பின்களைப் பாருங்கள். செம்பு நிறமோ வெள்ளி நிறமோ இருந்தால் நல்லது. பச்சைத் தூள் பூத்திருந்தால் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, அந்தப் பின் தளர்ந்து சூடேறுகிறது. கப்ளரையே மாற்ற வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றுவது அடுத்த மழைவரைதான் தாங்கும்.

ஹேண்டலை இடப்பக்கம் திருப்பினால் எஞ்சின் அணைகிறதா? கழுத்துப் பகுதியில் வயர் உள்ளே அறுந்திருக்கும், மேலே பிளாஸ்டிக் முழுசாக இருக்கும். மீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்து, சந்தேகப்படும் வயரின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு ஹேண்டலை அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வரும். சீட்டுக்கு அடியில் வயர் கடிபட்டிருந்தால் அது எலி. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டு வராந்தாவில் நிற்கும் மோட்டாரைக் காக்க அந்தக் கூகை வராது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பொறி இல்லை என்றால்தான் காயிலையும், பொறி எப்போது பாய வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் பல்சர் சுருளையும் அளக்க வேண்டும். காயிலின் முதல் சுற்று பெரும்பாலான சிடிஐ மோட்டார்களில் ஒரு ஓம்முக்கும் குறைவு. ஹோண்டா கப்சாய்களில் பல்சர் நீல-மஞ்சள் வயரில் வரும். பலவற்றில் எர்த்துக்கு 50 முதல் 200 ஓம் வரை காட்டும். மீட்டர் முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. சிடிஐயை மீட்டரால் அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு வருவதும் போவதும் எல்லாம் சரி என்று உறுதி செய்த பிறகு, அதே மாடலில் நன்றாக ஓடும் இன்னொரு மோட்டாரின் சிடிஐயை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. கடைசியில் தொட வேண்டியதை நாம் முதலில் தொடுகிறோம்.

எஃப்ஐ மோட்டாரில் சாவியைத் திருப்பியதும் தொட்டியிலிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ங்ங்’ என்று பெட்ரோல் பம்ப் முனக வேண்டும். முனகல் இல்லாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பேட்டரி. எஞ்சின் விளக்கு கண் சிமிட்டினால் எண்ணுங்கள்: ஹோண்டாவில் நீண்ட சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று. ஒரு நீளம், இரண்டு குறுகல் என்றால் 12, அது இன்ஜெக்டர் இணைப்பு. மோட்டார் வடிகாலில் சாய்ந்து விழுந்து, தூக்கி நிறுத்திய பிறகு கிளம்பவில்லை என்றால் பதற வேண்டாம். பல எஃப்ஐ மாடல்களில் சாய்வுணரி எஞ்சினை வெட்டிவிடும்; சாவியை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

எஞ்சின் கிளம்பியதும் வேலை முடிந்துவிட்டது என்று மீட்டரை மூடி வைக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை, நாளைக்கோ மறுநாளோ மறுபடி படுக்கும். 15-க்கு மேல் போனால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. அலுமினியத் துடுப்புகளோடு இருக்கும் அந்த ரெகுலேட்டரும் பச்சை வயரை நம்பித்தான் வாழ்கிறது. மாற்றும் முன் அதன் கப்ளரைப் பாருங்கள். பழைய ஹோண்டாக்களில் மேக்னட்டிலிருந்து வரும் வெள்ளை வயர் பேட்டரிக்கு, மஞ்சள் விளக்குக்கு. மாதம் இரண்டு தடவை முன்விளக்கு பல்பு போனால் பல்பு விற்றவரைத் திட்டாமல் ரெகுலேட்டரைப் பாருங்கள். நம் நாட்டில் மோட்டார் 1992-லிருந்து பகலிலும் முன்விளக்கோடுதான் ஓட வேண்டும், பல்பு இல்லாமல் தப்பிக்க முடியாது.

காலையில் மட்டும் பேட்டரி காலியாக இருக்கிறதென்றால் இரவில் ஏதோ குடிக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். அலாரம் இல்லாத கப்சாயில் ஒரு மில்லிஆம்பியர்கூட ஓடக் கூடாது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய அலாரமும் யுஎஸ்பி சார்ஜரும் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தால், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 100 மணி நேரத்தில் தீர்ந்துபோகும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால் மோட்டார் கிடையாது. இந்தச் சோதனையில் மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் பட்டனைத் தொட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் அதோடு காலி.

பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். பேட்டரியோ ரெகுலேட்டரோ மாற்றினால், மாற்றும் முன் அளந்த வோல்ட்டையும் மாற்றிய பின் அளந்த வோல்ட்டையும் பில்லில் இரண்டு எண்ணாக எழுதிக் கொடுங்கள், கழற்றிய பழைய சாமானையும் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வாடிக்கையாளரும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: “அண்ணே, ஸ்டார்ட் பண்ணும்போது எத்தனை வோல்ட் நிக்குது?” பதில் எண்ணாக வராமல் “பேட்டரி வீக்” என்று மட்டும் வந்தால், காசை எடுக்கும் முன் பச்சை வயரின் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் பட்டறைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்